குண்டர் சட்டமும் 21ஆம் பிரிவும்: விசாரணை இல்லாத சிறைக்கு அரசமைப்பில் இடம் எப்படி வந்தது?

நாளிதழைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இரண்டு வகைச் செய்திகள் பழக்கமானவை. ஒன்று, ஏதோ ஒரு வழக்கில் கைதாகிச் சிறையில் இருப்பவர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது என்பது. இன்னொன்று, சில மாதங்கள் கழித்து, அவரைக் குண்டர் சட்டத்தில் அடைத்த உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது என்பது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழப்பம்தான் வரும். ஏற்கெனவே சிறையில் இருப்பவரை எதற்காக மறுபடி அடைக்க வேண்டும்? உத்தரவு ரத்தானால் அவர் குற்றமற்றவர் என்று பொருளா? எல்லாவற்றுக்கும் மேலாக, உயிருக்கும் உடல் சார்ந்த சுதந்திரத்துக்கும் உத்தரவாதம் தரும் அரசமைப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், ஒரு நீதிபதியும் குற்றவாளி என்று சொல்லாத மனிதரை ஓராண்டு வரை எப்படிச் சிறையில் வைக்க முடிகிறது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்கான விடை 1982இல் வந்த குண்டர் சட்டத்தில் இல்லை. அரசமைப்பின் அடிப்படை உரிமைகள் பகுதியிலேயே, 21, 22 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

சாதாரணக் கைது என்பது நடந்துவிட்ட குற்றத்துக்காகச் செய்யப்படுவது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், ஜாமீன் கேட்கலாம். குற்றப்பத்திரிகை, சாட்சி, குறுக்கு விசாரணை என்று வழக்கு நகரும். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது.

தடுப்புக் காவல் என்பது இனிமேல் நடக்கக்கூடும் என்று அதிகாரி கருதும் செயலைத் தடுப்பதற்காக அடைத்துவைப்பது. இதில் குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அதிகாரிக்கு "மனநிறைவு" ஏற்பட்டால் போதும். அந்த மனநிறைவு சரியா தவறா என்று ஆதாரங்களை எடைபோட்டுப் பார்க்கும் வேலையை நீதிமன்றம் பொதுவாகச் செய்வதில்லை. உத்தரவு போட்ட முறையில் பிழை உண்டா என்று மட்டும் பார்க்கும்.

ஆட்கொணர்வு மனு என்பது, ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்துவைத்திருக்கிறார்கள், அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து காரணம் சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்பது. 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்திலும் 32ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்திலும் தாக்கல் செய்யலாம். அரசமைப்பை எழுதிய அரசமைப்பு அவையில் அம்பேத்கர் அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று சொன்னது இந்த 32ஆம் பிரிவைத்தான்.

தமிழ்நாட்டில் உத்தரவு எப்படி நகர்கிறது?

நாம் குண்டர் சட்டம் என்று சுருக்கிச் சொல்வது 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாட்டுச் சட்டம். கள்ளச்சாராயம் விற்பவர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், குடிசைப்பகுதி நிலத்தை அபகரிப்பவர்கள் என்று தொடங்கிய பட்டியலில் பின்னாளில் வனக் குற்றவாளிகள், திருட்டு வீடியோ தயாரிப்பவர்கள், மணல் கடத்துபவர்கள், பாலியல் குற்றவாளிகள், இணையவழிக் குற்றவாளிகள் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நடைமுறை இப்படி:

1. மாவட்டத்தில் ஆட்சியர், மாநகரத்தில் காவல் ஆணையர் உத்தரவு போடுகிறார். பெரும்பாலும், வேறு வழக்கில் ரிமாண்டில் இருப்பவர் மீது, காவல் ஆய்வாளர் அனுப்பும் அறிக்கையின் பேரில்.
2. அடைத்ததற்கான காரணங்களை ஐந்து நாட்களுக்குள் அவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.
3. மாநில அரசு 12 நாட்களுக்குள் உத்தரவுக்கு ஒப்புதல் தர வேண்டும்.
4. மூன்று வாரங்களுக்குள் கோப்பு, உத்தரவைப் பரிசீலிக்கும் குழுவான அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும்.
5. அடைத்த நாளிலிருந்து ஏழு வாரங்களுக்குள் கழகம் கருத்துச் சொல்ல வேண்டும். போதிய காரணம் இல்லை என்று அது சொன்னால் அவரை விடுவித்தே ஆக வேண்டும்.
6. காரணம் உண்டு என்று சொன்னால் மொத்தம் 12 மாதங்கள் வரை வைத்திருக்கலாம்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவரை மறுபடி அடைப்பது ஏன் என்ற முதல் கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. மூல வழக்கில் ஜாமீன் வந்துவிடும் என்பதால்தான். உத்தரவுகளில் அதைச் சொல்லியே எழுதுவார்கள்: இவர் ஜாமீனில் வெளிவர வாய்ப்பு இருக்கிறது, வந்தால் பொது ஒழுங்குக்குக் கேடு செய்வார் என்று. ஜாமீன் தரலாமா கூடாதா என்பது நீதிபதி முடிவு செய்ய வேண்டிய விஷயம். அந்த முடிவுக்குக் காத்திருக்காமல், அல்லது அதையும் தாண்டி, நிர்வாகம் எடுக்கும் முடிவு இது.

அரசமைப்பு என்ன சொல்கிறது?

21ஆம் பிரிவு ஒரே வாக்கியம். சட்டம் நிறுவிய நடைமுறையின்படி அன்றி எவருடைய உயிரும் உடல் சார்ந்த சுதந்திரமும் பறிக்கப்படக் கூடாது என்கிறது. குடிமக்களுக்கு மட்டுமல்ல, எவருக்கும் இது பொருந்தும்.

22ஆம் பிரிவை இரண்டு பாதிகளாகப் பார்க்க வேண்டும். முதல் பாதி கைதானவருக்கான பாதுகாப்பு: காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அனுமதிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். அப்புறம் மூன்றாவது உட்பிரிவு வருகிறது. பகைநாட்டவருக்கும் தடுப்புக் காவல் சட்டத்தில் அடைபட்டவருக்கும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது என்கிறது அது. அவர்களுக்கு அரசமைப்பு தருவது சுருக்கமானது. அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் மூன்று மாதங்களுக்கு மேல் வைக்கக் கூடாது. காரணங்களைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும். முறையீடு செய்ய முதல் வாய்ப்பிலேயே இடம் தர வேண்டும். அதிலும், வெளியிடுவது பொதுநலனுக்கு ஆகாது என்று அரசு நினைக்கும் தகவல்களைத் தர வேண்டியதில்லை. மூன்று மாத வரம்புக்கும் கழகத்தின் ஒப்புதலுக்கும்கூட நாடாளுமன்றம் சட்டம் போட்டு விலக்கு அளிக்கலாம்.

போர்க்காலத்துக்கு மட்டும் என்றோ நெருக்கடிநிலைக்கு மட்டும் என்றோ எந்த வரம்பும் இதில் கிடையாது. ஏழாவது அட்டவணையில் பொதுப்பட்டியலின் மூன்றாவது இனமாகத் தடுப்புக் காவல் இருப்பதால் மாநிலங்களும் இதற்குச் சட்டம் இயற்றலாம். அமைதிக் காலத்துத் தடுப்புக் காவலை அரசமைப்பே, அதுவும் அடிப்படை உரிமைகள் பகுதிக்குள்ளேயே, ஏற்றுக்கொள்வது உலகில் அபூர்வம்.

சிறைக்குப் போனவர்கள் ஏன் இதை எழுதினார்கள்?

விசாரணையில்லாச் சிறை கம்பெனி ஆட்சிக்காலத்துச் சரக்கு. வங்காளத்தில் 1818ஆம் ஆண்டின் மூன்றாவது ஒழுங்குமுறை, சென்னையில் 1819ஆம் ஆண்டின் இரண்டாவது ஒழுங்குமுறை. லாலா லஜபதி ராயை 1907இல் விசாரணையின்றி நாடுகடத்தியது வங்க ஒழுங்குமுறையின் கீழ்தான். 1919இன் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடே கொதித்தது. 1928இன் மோதிலால் நேரு அறிக்கையும் 1931இன் கராச்சி தீர்மானமும் அடிப்படை உரிமைகளைக் கேட்டன. 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தில் பிரிட்டிஷ் அரசு அவற்றைச் சேர்க்க மறுத்தது.

ஆக, 1946 டிசம்பரில் அரசமைப்பு அவை கூடியபோது உறுப்பினர்களில் கணிசமானவர்கள் இந்தச் சட்டங்களின் கையால் அடிபட்டவர்கள். 1947இல் தயாரான தொடக்க வரைவில், அமெரிக்க அரசமைப்பைப் பின்பற்றி, "உரிய சட்ட நடைமுறை" இல்லாமல் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்றே இருந்தது. சட்டம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்க அந்த வாசகம் இடம் தரும்.

அது எப்படி மாறியது? அவையின் சட்ட ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்றபோது அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் பிரதிநிதிகள் இயற்றிய சட்டத்தை நீதிபதிகள் தடுக்க இந்த வாசகம் வழிவிடுகிறது என்பது பிராங்க்பர்ட்டரின் கருத்து. அதற்கு ஆதாரமும் இருந்தது: 1905இல் ரொட்டிக்கடைத் தொழிலாளரின் வேலை நேரத்துக்கு நியூயார்க் மாநிலம் வைத்த வரம்பை இதே வாசகத்தைக் கொண்டுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஜமீன் ஒழிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த இந்தியத் தலைவர்களுக்கு அந்தப் பயம் உடனே புரிந்தது. கூடவே பிரிவினைக் கலவரம், தெலங்கானா ஆயுதப் போராட்டம். 1948 பிப்ரவரியில் வெளிவந்த வரைவில் பழைய வாசகம் போய், ஜப்பான் அரசமைப்பின் 31ஆம் பிரிவைப் போன்ற "சட்டம் நிறுவிய நடைமுறை" வந்துவிட்டது.

1948 டிசம்பரில் அவையில் இது பெரிய விவாதமானது. காஜி சையத் கரிமுதீன் பழைய வாசகத்தைத் திரும்பக் கொண்டுவரத் திருத்தம் கொடுத்தார். கே.எம். முன்ஷி அதை ஆதரித்துப் பேசினார். சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், நீதிபதிகளுக்கு இவ்வளவு அதிகாரம் தருவது சட்டமன்றத்தின் கையைக் கட்டிவிடும் என்று எதிர்த்தார். அம்பேத்கர் இரண்டு ஆபத்துகளையும் எடுத்துவைத்தார்: சட்டமன்றமும் கட்சி வெறியில் தவறான சட்டம் போடலாம், ஐந்தாறு நீதிபதிகளும் தங்கள் விருப்புவெறுப்பைச் சட்டமாக்கலாம். முடிவை அவையிடம் விட்டார். திருத்தம் தோற்றது.

ஆனால் அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். 1949 செப்டம்பரில் ஒரு புதிய பிரிவைக் கொண்டுவந்தபோது, முன்பு செய்ததற்கு இது ஓர் ஈடு என்று அவரே சொன்னார். அதுதான் இன்றைய 22ஆம் பிரிவு. தடுப்புக் காவலைச் சட்டமன்றத்தின் கையில் விட்டுவிட்ட பிறகு, குறைந்தபட்சப் பாதுகாப்பையாவது எழுதிவைப்போம் என்ற எண்ணம். தடுப்புக் காவலை அரசமைப்புக்குள் கொண்டுவந்த பழியை 22ஆம் பிரிவின் மேல் போடுவது வழக்கம். வரலாற்றுப்படி பார்த்தால், 21இல் விழுந்த ஓட்டையை ஓரளவாவது அடைக்க வந்தது அது. வரைவு ஆரம்ப நிலையில் இருந்த 1947 ஏப்ரலிலேயே, இந்த உரிமைகள் போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவரின் பார்வையில் எழுதப்பட்டிருக்கின்றன என்று சோம்நாத் லஹிரி எச்சரித்திருந்தார். அவையில் இருந்த ஒரே கம்யூனிஸ்ட் உறுப்பினர் அவர். எச்சரிக்கை பலித்தது, முதலில் அவருடைய கட்சிக்காரர் மீதே.

ஏ.கே. கோபாலன், சென்னைச் சிறையிலிருந்து

அரசமைப்பு 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதம்கூட முடியுமுன், பிப்ரவரியில், வல்லபபாய் பட்டேல் கொண்டுவந்த தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. சென்னை மாகாணச் சிறையில் 1947 டிசம்பரிலிருந்து அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்குச் சிறைக்குள்ளேயே புதிய சட்டத்தின் கீழ் உத்தரவு கொடுக்கப்பட்டது. அவர் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எம்.கே. நம்பியார் வாதாடினார். தீர்ப்பு 1950 மே 19.

பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னதைச் சுருக்கினால் இரண்டு விஷயம்:

1. 21ஆம் பிரிவில் "சட்டம்" என்றால் சட்டமன்றம் இயற்றிய சட்டம், அவ்வளவுதான். அது நியாயமா என்று நீதிமன்றம் கேட்க முடியாது. அப்படிக் கேட்க இடம் தரும் "உரிய சட்ட நடைமுறை" என்ற வாசகத்தை அவை வேண்டுமென்றே நீக்கியது.
2. 19 (பேச்சு, நடமாட்டம், சங்கம் முதலிய சுதந்திரங்கள்), 21, 22 ஆகிய பிரிவுகள் தனித்தனி அறைகள். தடுப்புக் காவலில் அடைபட்டவர், தன் நடமாடும் சுதந்திரம் போய்விட்டது, அதனால் 19ஆம் பிரிவின்படி இந்தச் சட்டம் நியாயமானதா என்று பாருங்கள் என்று கேட்க முடியாது.

நீதிபதி பசல் அலி மட்டும், ஒருவரின் தரப்பைக் கேட்பது போன்ற இயற்கை நீதி இல்லாத நடைமுறை நடைமுறையே ஆகாது என்று மாறுபட்டு எழுதினார். உரிமைகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது, ஒன்றின் மேல் ஒன்று படிந்தவை என்றார். பெரும்பான்மை ஒரே ஒரு நன்மை செய்தது: அடைத்த காரணத்தை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்றிருந்த, தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆவது பிரிவை நீக்கியது.

இதே காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து போன மற்ற வழக்குகளில் உச்ச நீதிமன்றம் உறுதியாக நின்றதையும் பார்க்க வேண்டும். 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்குச் சென்னை அரசு விதித்த தடையை, கோபாலன் தீர்ப்பு வந்த ஒரு வாரத்தில் அது ரத்து செய்தது. 1952இல் வி.ஜி. ராவ் வழக்கு. மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்த உத்தரவு விஷயம் அது. தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பில், அரசின் மனநிறைவும் அதைப் பரிசீலிக்க ஓர் அறிவுரைக் கழகமும் என்ற ஏற்பாடு மிக விதிவிலக்கான சூழலில், மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே நியாயமாகலாம், அதைப் பொதுவான முறையாக ஏற்க முடியாது என்கிறார். இன்று குண்டர் சட்டத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வரிகள் இல்லை. ஆனால் அது சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய வழக்கு. உடல் சுதந்திரத்துக்கு அந்த அளவுகோல் எட்டாதபடி கோபாலன் தீர்ப்பு ஏற்கெனவே சுவர் எழுப்பியிருந்தது.

ஓராண்டுக்கு என்று வந்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் நீட்டித்து நீட்டித்து 1969 கடைசி வரை ஓடியது. 1971இல் மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் வந்தது.

1976: பாதுகாப்பின் அடிமட்டம்

1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை. இரண்டு நாளில், 14 (சமத்துவம்), 21, 22 ஆகிய பிரிவுகளுக்காக நீதிமன்றம் போகும் உரிமையை 359ஆம் பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் ஆணை நிறுத்திவைத்தது. அடைத்த காரணத்தைச் சொல்லவே வேண்டாம் என்று மிசாவும் திருத்தப்பட்டது. ஆனாலும் உத்தரவு மிசாவின்படியாவது போடப்பட்டதா என்று பார்க்கலாம் என்று பல உயர் நீதிமன்றங்கள் துணிந்து கூறின.

அவற்றை எதிர்த்து வந்த மேல்முறையீடுகள்தான் ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் வழக்கு. நெருக்கடிநிலையில் போலீஸ்காரர் ஒருவர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றாலும் நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். ஆணை நடைமுறையில் இருக்கும்வரை இல்லை என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே பதில் சொன்னார். 1976 ஏப்ரல் 28இல் ஐவரில் நால்வர் அரசின் வாதத்தை ஏற்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். உயிரும் சுதந்திரமும் அரசமைப்பு போட்ட பிச்சையல்ல, அதற்கு முன்பே சட்டத்தின் ஆட்சியில் இருந்தவை என்பது அவர் வாதத்தின் சாரம். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரான எம்.எச். பெய்க் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

இது தமிழ்நாட்டில் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி உண்டு. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் நூற்றுக்கணக்கானோர் மிசாவில் அடைக்கப்பட்டார்கள். சென்னை மத்தியச் சிறையில் அவர்கள் தாக்கப்பட்டதைப் பின்னர் நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. ஆட்கொணர்வு மனு இல்லாத சிறையில் என்ன நடக்கும் என்பது அந்த ஆணையத்தின் முன் வந்தது.

1978: கோபாலன் சுவர் இடிந்தது

முதல் அடி 1970இல் வங்கி தேசியமயமாக்க வழக்கில் விழுந்தது. உரிமைகள் தனித்தனி அறைகள் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் கைவிட்டது. முழுதாக இடிந்தது 1978 ஜனவரி 25இல், மேனகா காந்தி வழக்கில். ஜனதா அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பொதுநலன் கருதி முடக்கியது. காரணம் கேட்டார். பொதுநலன் கருதிச் சொல்ல முடியாது என்றது அரசு.

ஏழு நீதிபதிகள் அமர்வு. சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக, நேர்மையானதாக, பகுத்தறிவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், மனம்போன போக்கில் இருக்கக் கூடாது என்றது தீர்ப்பு. 14, 19, 21 மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றது. 1948இல் அவை தோற்கடித்த வாசகம் முப்பது ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பின் வழியாக உள்ளே வந்துவிட்டது. ஜபல்பூர் வழக்கில் அரசின் பக்கம் நின்ற பகவதி, ஒய்.வி. சந்திரசூட், பெய்க் மூவரும் இந்த அமர்விலும் இருந்தார்கள். அரசு அவர் தரப்பைக் கேட்பதாக உறுதி கொடுத்ததால், பாஸ்போர்ட் உத்தரவு அப்போது ரத்தாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து கிளைத்தவை ஏராளம்: ஏழைக் கைதிக்கு இலவசச் சட்ட உதவி, விரைவான விசாரணை, கண்டபடி விலங்கு மாட்டத் தடை, கைதின்போது பின்பற்ற வேண்டிய டி.கே. பாசு வழக்கின் விதிகள், 2017இல் அந்தரங்க உரிமை. அந்தரங்க உரிமைத் தீர்ப்பில்தான் ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதிகாரபூர்வமாகச் சொன்னது. எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், ஜபல்பூர் பெரும்பான்மையில் இருந்தவரின் மகன்.

நாடாளுமன்றமும் தன் பங்கைச் செய்தது. 1978இன் 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு நெருக்கடிநிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது. 1976 இனி அதே வடிவத்தில் திரும்ப வழியில்லை.

அப்படியென்றால் குண்டர் சட்டம் எப்படித் தப்பியது?

சரி, 21ஆம் பிரிவு இவ்வளவு வளர்ந்த பிறகும் விசாரணையில்லாச் சிறை எப்படி நிற்கிறது? விடை 1981 டிசம்பரில் வந்த ஏ.கே. ராய் வழக்கில் இருக்கிறது. தன்பாத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் ராய், தேசியப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னோடியான அவசரச் சட்டத்தில் அடைக்கப்பட்டார். மேனகா தீர்ப்பின் நியாய அளவுகோலை இங்கேயும் வையுங்கள் என்பது கோரிக்கை.

உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதன் தர்க்கம்: தடுப்புக் காவலை அனுமதிப்பது அரசமைப்பே. இவர்களுக்கு வழக்கறிஞர் உரிமை கிடையாது என்பதும் அதே அரசமைப்பின் 22(3). ஒரு பிரிவு வெளிப்படையாக மறுப்பதை இன்னொரு பிரிவிலிருந்து நியாயம் என்ற பெயரில் எடுத்துத் தர முடியாது. இரண்டு சிறு சலுகைகள் மட்டும் கிடைத்தன. அறிவுரைக் கழகத்தின் முன் அரசு வழக்கறிஞரைப் பயன்படுத்தினால் அடைபட்டவருக்கும் அதை மறுக்கக் கூடாது. இல்லாவிட்டால், வழக்கறிஞராக இல்லாத நண்பர் ஒருவரின் துணையை அவர் பெறலாம்.

மற்ற எல்லா இடத்திலும் அரசின் அதிகாரத்தைச் சுருக்கிய மேனகா தீர்ப்பு, தடுப்புக் காவலின் வாசலிலேயே நின்றுவிட்டது.

இத்தனை உத்தரவுகள் ரத்தாவது ஏன்?

மனநிறைவை எடைபோட முடியாத நீதிமன்றம், எழுதிய நடைமுறையைக் கறாராகப் பிடித்துக்கொள்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் உத்தரவுகள் விழும் வழக்கமான காரணங்கள் இவை:

1. முறையீட்டைப் பரிசீலிக்க அரசு விளக்கமில்லாமல் தாமதித்தது.
2. கொடுத்த ஆவண நகல்கள் படிக்க முடியாதபடி இருந்தன, அல்லது அடைபட்டவருக்குத் தெரிந்த மொழியில் இல்லை.
3. ஜாமீன் கிடைக்க உண்மையான வாய்ப்பு உண்டு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஜாமீன் மனுவே போடாதவரைப் பற்றி, "இதேபோன்ற வழக்கில் ஜாமீன் தரப்பட்டது" என்று மட்டும் எழுதுவது.
4. கைதுக்கும் உத்தரவுக்கும் இடையே நீண்ட இடைவெளி.
5. விவகாரம் சட்டம் ஒழுங்கு சார்ந்தது, பொது ஒழுங்கு சார்ந்ததல்ல.

ஐந்தாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1965இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதயதுல்லா மூன்று வட்டங்களை வரைந்து காட்டினார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்குள் நாட்டின் பாதுகாப்பு. இரண்டு பேருக்குள் நடக்கும் வெட்டுக்குத்து சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, சாதாரணச் சட்டம் போதும். ஊரின் இயல்பு வாழ்க்கையே குலையும் அளவுக்குப் போனால்தான் பொது ஒழுங்கு. குண்டர் சட்டம் இரண்டாவது வட்டத்துக்கானது. நடைமுறையில் முதல் வட்டத்துக்குள் அது தாராளமாக நுழைகிறது. காலாவதியான மருந்தை விற்றதாகப் போடப்பட்ட உத்தரவை ரத்து செய்த ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 2011இல், சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடிந்தால் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. அதற்குப் பிறகும் 2017 மே மாதம், மெரினாவில் ஈழத்தமிழருக்கு நினைவேந்தல் நடத்த முயன்று கைதான திருமுருகன் காந்தி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இடையில் போன மாதங்கள் போனவைதான்.

ரத்து என்பதன் பொருளும் இப்போது தெளிவாகும். மூல வழக்கு அப்படியே இருக்கும். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்லவில்லை, குற்றவாளி என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. உண்மையிலேயே ஆபத்தானவரும் நகல் தெளிவில்லை என்பதால் வெளியே வரலாம். அநியாயமாக அடைபட்டவரும் நகல் தெளிவாக இருந்தால் உள்ளேயே இருக்கலாம். இந்தச் சட்டத்தின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. ஒருவர் ஆபத்தானவரா என்ற கேள்வியை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து ஆராயும் அதிகாரம் உள்ள எவரும் எந்தக் கட்டத்திலும் கேட்பதில்லை.

மாற்ற முடியாததா?

அரசமைப்பிலேயே இருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பது தவறு. இரண்டு விஷயங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஒன்று, ஒன்றிய அரசு செய்ய வேண்டியது. 44ஆவது திருத்தத்தின் மூன்றாவது பிரிவு 22ஆம் பிரிவையும் திருத்தியது. கழகத்தின் ஒப்புதல் இல்லாத காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. கழகத்தின் தலைவர் பணியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும், உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அமர்த்த வேண்டும் என்றது. கழகத்தையே ஒதுக்கிவைத்து அடைக்க நாடாளுமன்றத்துக்கு இருந்த அதிகாரத்தையும் எடுத்துவிட்டது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த திருத்தம் இது. நடைமுறைக்கு வரும் தேதியை அரசு அறிவிக்கை மூலம் குறிக்க வேண்டும் என்று விட்டார்கள். மற்ற பிரிவுகளுக்குத் தேதி குறிக்கப்பட்டது, மூன்றாவது பிரிவுக்கு எந்த அரசும் குறிக்கவில்லை. ஏ.கே. ராய் வழக்கில், தேதி குறிக்கும்படி அரசுக்குக் கட்டளையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. எந்த வாக்கெடுப்பும் தேவையில்லை, அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.

இன்னொன்று, தமிழ்நாடு சட்டமன்றம் செய்யக்கூடியது. 22(3) வழக்கறிஞர் உரிமையைத் தராமல் விடுகிறதே தவிர, மாநிலம் தருவதைத் தடுக்கவில்லை. அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் ஆஜராகும் உரிமை கிடையாது என்று எழுதியிருப்பது 1982ஆம் ஆண்டின் சட்டமே. அந்த வரியை நீக்கலாம். 12 மாத உச்ச வரம்பைக் குறைக்கலாம். வளர்ந்துகொண்டே போகும் குற்றப் பட்டியலைச் சுருக்கலாம். இதற்கெல்லாம் சாதாரணப் பெரும்பான்மை போதும், டெல்லியில் அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. மிசாவில் சிறை சென்றதைப் பெருமையாகச் சொல்லும் கட்சியும், குண்டர் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சியும் இங்கே மாறி மாறி ஆண்டிருக்கின்றன. பட்டியல் இரண்டு ஆட்சிகளிலும் நீண்டிருக்கிறது.